தினமும் கழுவும் வீட்டுக்கு விலை ஏன் குறைகிறது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 14 வருடப் பழைய அடுக்குமாடியின் மேல்தளத்தில் எங்கள் வீடு இருக்கிறது. அடுத்த ஆண்டு விற்றுவிட்டு மகளோடு பெங்களூரில் இருக்கலாம் என்று எண்ணம். பார்க்க வந்த புரோக்கர், இதே கட்டடத்தில் போன வருடம் விற்ற வீட்டின் விலை இதற்கு வராது என்கிறார். தினமும் கழுவித் துடைத்து, பாத்ரூமை வாரந்தோறும் ஆசிட் போட்டுத் தேய்த்து, பளிச்சென்றுதான் வைத்திருக்கிறோம். பெயின்ட் அடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: பெயின்ட் கடைசி வேலை. ஓதம் இருக்கிற சுவரில் அடித்தால் சில மாதங்களிலேயே கொப்பளித்துவிடும். ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசாக மின்னினால் வாங்க வருகிறவர் அங்கேதான் கையை வைத்துப் பார்ப்பார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த ஆசிட்தான். போர் தண்ணீரின் உப்புக்கறை போகிறது, சரி. ஆனால் ஆசிட் டைல்ஸை விட்டுவிட்டு, இடுக்கில் இருக்கும் சிமென்ட்டைத்தான் அரிக்கும். இடுக்கு வாய் திறந்ததும், நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தில் நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லிக்குள் இறங்கித் தங்கிவிடும். மேலே எப்போதும்போல பளிச்சென்றே இருக்கும். கீழ்வீட்டு சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழும். உங்கள் படுக்கையறையில் பாத்ரூமை ஒட்டிய சுவரின் அடிப்பாகம் நமுத்துப்போகும். அந்தப் பக்கம் இருக்கும் பீரோவை நகர்த்திப் பாருங்கள். பெயின்ட் உப்பி, விரலால் தொட்டால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தால் கதை அதுதான். ஈரம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிவரை போய்விட்டால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், காரை பெயர்ந்து விழும். அதைப் பார்த்த பிறகு யாரும் பேரம் பேச மாட்டார்கள், கிளம்பிவிடுவார்கள்.

சோதிப்பது சுலபம். பாத்ரூம் தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் இறுக்கி அடைத்து, வாசற்படி மட்டத்துக்குக் கீழே நிற்கும்படி தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு கீழ்வீட்டில் அனுமதி கேட்டு சீலிங்கைப் பாருங்கள். லேசான கசிவென்றால் பழைய இடுக்கைச் சுரண்டி எப்பாக்சி போட்டு அடைத்தால் பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் தளத்தை உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்வதுதான் வழி. இனிமேல் ஆசிட் வேண்டாம்; குளித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டாலே உப்பு அவ்வளவாகப் படியாது.

மேல்தளம் என்பதால் மொட்டை மாடியும் உங்கள் தலைவலிதான். மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியலில் உட்கார்ந்துவிடுவது, டேங்க் வழிந்து ஒரே மூலையில் தினமும் தண்ணீர் நிற்பது, பூந்தொட்டிகளை மாடியில் பதித்த ஓட்டின் மேல் நேராக வைப்பது, துணி காயப்போடும் கொடி கட்ட தளத்தில் ஆணி இறக்குவது என எல்லாமே சின்ன விஷயம்தான், ஆனால் தண்ணீருக்கு வழி. தொட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் கிள்ளிவிடாதீர்கள், மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து விரிசலைப் பூச வேண்டும். மழைநீர் குழாயின் வாயில் சேர்ந்த சருகை அக்டோபருக்கு முன்னால் அள்ளிவிடுங்கள். மாடி எல்லோருக்கும் பொது என்பதால் செலவை அசோசியேஷனில் பேசுங்கள். அப்புறம், ஏசி தண்ணீர்க் குழாய் சுவரில் சொட்டிப் பாசி பிடித்திருந்தால் நீட்டிவிடுங்கள்.

பால்கனியை அடைத்து அறையாக்கியிருக்கிறீர்களா? வாங்குபவர் லோன் போடுவார். பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் அங்கீகரிக்கப்பட்ட பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளப்பார். பிளானில் இல்லாத அறைக்கு மதிப்பு போடாமல் போகலாம்.

இன்னொரு பழக்கம் பீரோவுக்குள் இருக்கிறது: ‘அப்புறம் பார்த்துக்கலாம்.’ வீட்டுக் கடனைக் கட்டி முடித்தும், அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதிவு செய்யாதவர்கள் நிறையப் பேர். வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும். 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு முடித்த கடனென்றால், 30 நாட்களுக்குள் பேங்க் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சொத்து வரி, மின் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புரோக்கர் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம். உங்கள் விலையில் பெரும்பங்கு யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பாகம். ஓதம் அதைத் தொடாது. போன வருடம் விற்ற வீட்டுக்கு யூடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள், வித்தியாசம் அங்கேயே இருக்கலாம். விற்பதற்காக மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் என்று செலவழிக்காதீர்கள், போட்ட பணம் திரும்பாது. இடித்துக் கட்டவே வாங்கப்படும் பழைய தனி வீடாக இருந்தால் ரிப்பேரே வேண்டாம் என்றிருப்பேன்.

சோதனையை இப்போதே செய்து, ரிப்பேரை மழைக்கு முன் முடியுங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை போகட்டும். சுவர் காய்ந்திருந்தால் தை மாதம் பெயின்ட் அடித்து, பிப்ரவரியில் ஆட்களை வரச் சொல்லலாம். ரிப்பேர் பில்லையும் வேலை நடக்கும்போது எடுத்த போட்டோவையும் காட்டுங்கள். கீழ்வீட்டு சீலிங்கில் கறை விழுந்திருந்தால் அதையும் உங்கள் செலவில் சரிசெய்து கொடுங்கள்; விவரமான ஆள் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு இறங்கும்போது அவர்கள் கதவைத்தான் தட்டுவார்.