ட்ரிகரைத் திட்டும் முன்: ரிவால்வர் கேள்வி பதில்

முதலில் ஒன்று. சிலிண்டரை, அதாவது தோட்டா போடும் உருளையை, திறந்து அதன் ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டா டப்பா வீட்டின் வேறு அறைக்குப் போகட்டும். பிறகு பேசலாம்.

கேள்வி: அண்ணா, பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒன்று வாங்கினேன். ஆறுக்கு ரெண்டு வெடிக்கலை. ஹேமரை, அதான் பின்னாலிருக்கிற சுத்தியலை, கையால் இழுத்துச் சுட்டா எல்லாம் வெடிக்குது!

பதில்: பாதி பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். டபுள் ஆக்‌ஷனில், அதாவது ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும்போது, ஹேமர் அவ்வளவு தூரம் பின்னால் போகாது, அதனால் அடியும் குறைவு. கைப்பிடியின் முன்பக்கம் அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ, பட்டை ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும். ட்ரிகர் லேசாகட்டும் என்று முன்னால் வைத்திருந்தவர் அதைத் தளர்த்தியிருப்பார். முழுக்க இறுக்குங்கள், பாதியில் நிறுத்துவதற்கான ஸ்க்ரூ அல்ல அது. என்னிடம் வந்த ஒன்றில் இறுக்கியும் சரியாகவில்லை. கழற்றிப் பார்த்தால் நுனியை ராவி வைத்திருந்தார்கள். புது ஸ்க்ரூ போட்டதும் தீர்ந்தது.

வெடிக்காத தோட்டாவின் பிரைமரை, அதாவது அடிப்பக்க நடுவில் உள்ள தீமூட்டியை, பாருங்கள். குழி ஆழமில்லை என்றால் ஸ்பிரிங் பக்கம் சந்தேகம். இரண்டாவது அடியில் வெடித்தால் பிரைமரே சரியாக உட்காராமல் இருந்திருக்கலாம். வீட்டில் நிரப்பிய தோட்டாக்களில் இது சகஜம். வெடிக்காதபோது உடனே திறக்காதீர்கள். குழலைப் பத்திரமான திசையில் பிடித்து 30 விநாடி பொறுங்கள்.

கேள்வி: இழுத்து வைத்த ஹேமரை, ட்ரிகரைத் தொடாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளினால் விழுகிறது சார்.

பதில்: இனி அதில் தோட்டா போடாதீர்கள். ஹேமரில் ட்ரிகர் மாட்டும் வெட்டோ ட்ரிகரின் நுனியோ தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ தேய்த்திருக்கிறார்கள். அரத்தை எடுக்கவே வேண்டாம். கடினமான மேல்தோல் மிக மெல்லியது. அது போனால் உள்ளே மென்மையான இரும்புதான். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: திடீர்னு ட்ரிகர் பாறை மாதிரி ஆயிடுது. சிலிண்டரும் சுத்தலை.

பதில்: ட்ரிகர் பாவம், நிரபராதி. காலிக் குப்பிகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று இருந்தாலே போதும். பழைய பல்துலக்கியால் தேயுங்கள். அடுத்து அந்தத் தகட்டைத் தள்ளும் கம்பி தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பிந்தைய மாடல்களில் அதன் மரை இடதுபுறம். வழக்கத்துக்கு மாறாகத் திருப்பினால்தான் இறுகும். இறுக்கும்போது அறைகளில் காலிக் குப்பிகளைப் போட்டுக்கொள்ளுங்கள், தகடு முறுக்காமல் இருக்கும்.

கேள்வி: விட்டதும் ட்ரிகர் சோம்பலாகத் திரும்புகிறது.

பதில்: கோந்தாகிப்போன பழைய எண்ணெய். சுத்தம் செய்யத் திறக்கும்போது பக்கத் தகட்டை நெம்பிவிடாதீர்கள்! ஸ்க்ரூக்களைக் கழற்றி, சட்டத்தை மரப்பிடியால் தட்டினால் தானே எழும்பும்.

கேள்வி: ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன், ஒவ்வொரு தடவையும் ஹேமரைக் கையால் இழுக்கிற வகை. ஹேமர் விழுது, பிரைமரில் தடமே இல்லை.

பதில்: 1973 முதல் வந்த ரூகர்களில் ஹேமர் நேராக ஃபயரிங் பின்னை, அதாவது பிரைமரைக் குத்தும் ஊசியை, அடிப்பதில்லை, நடுவில் ஒரு பட்டை எழும்பி அடியைக் கடத்தும். ட்ரிகரை விட்டால் பட்டை இறங்கிவிடும். ஹேமர் விழுந்து முடியும்வரை ட்ரிகரை இழுத்தே பிடியுங்கள். அப்படியும் தடமில்லை என்றால் பட்டை உடைந்திருக்கிறதா பாருங்கள்.