குக்கி எங்கே கிடக்கிறது? கேள்விகளும் பதில்களும்

வலைத்தளங்களுக்கு லாகின் பகுதி எழுதுவது என் வேலை. உலாவி குக்கியை எங்கே, எப்படிச் சேமிக்கிறது என்பது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கே: அக்கா, குக்கி என்பது என் கணினிக்குள் வந்து உட்காரும் புரோகிராமா? எந்த ஃபோல்டரில் இருக்கும்?

ப: புரோகிராம் இல்லை, சின்ன எழுத்துத் துணுக்கு. ஒரு பெயர், ஒரு மதிப்பு, கூடவே சில விவரங்கள்.

அது ஏன் வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். வலை சர்வருக்கு, அதாவது தளத்தை அனுப்பும் கணினிக்கு, இயல்பில் ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுத்துவிட்டு உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது அதற்கு நீங்கள் புது ஆள். கூடையில் போட்ட பொருளும் காணாமல் போகும். 1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி இதற்கு வழி கண்டார். சர்வர் தன் பதிலோடு ‘செட்-குக்கி’ என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பும். உலாவி அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் திருப்பிக் காட்டும்.

குறித்து வைக்கும் இடம் உலாவிக்கு உலாவி மாறும். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தனித்தனி டெக்ஸ்ட் கோப்புகளாக வைத்தது. பயர்பாக்ஸ் உங்கள் புரொஃபைல் ஃபோல்டரில் (உலாவி உங்கள் விவரங்களை வைக்கும் இடம்) ஒரே எஸ்கியூலைட் கோப்பில், அதாவது ஒரு சிறு தரவுத்தளத்தில், எல்லாவற்றையும் வைக்கிறது. குரோமும் எஸ்கியூலைட்தான், விண்டோஸில் புரொஃபைலுக்குள் ‘நெட்வொர்க்’ என்ற ஃபோல்டரில் ‘குக்கீஸ்’ என்ற பெயரில் இருக்கும். சஃபாரி தனக்கென ஒரு பைனரி வடிவம் வைத்திருக்கிறது. எஸ்கியூலைட் கோப்பைத் திறந்தால் ஒரு அட்டவணை தெரியும்: டொமைன் (தளத்தின் முகவரி), பெயர், மதிப்பு, பாத் (தளத்தின் எந்தப் பகுதிக்கு அனுப்ப வேண்டும்), காலாவதி, பாதுகாப்பான இணைப்பில் மட்டும் அனுப்ப வேண்டுமா, பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) படிக்கலாமா என்று வரிசையாக. குரோமில் நேரத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அது 1601 ஜனவரி 1 முதல் மைக்ரோ வினாடிகளாக எண்ணுகிறது.

பார்ப்பது சரி. அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். காரணம் கீழே வரும்.

கே: குக்கியில் வைரஸ் வருமா?

ப: வராது. குக்கி ஓடுவதில்லை, படிக்கப்படுகிறது.

கே: காலாவதி இல்லாத குக்கி உலாவியை மூடினால் அழிந்துவிடும் என்று படித்தேன். நான் மூடித் திறந்தாலும் லாகினிலேயே இருக்கிறேனே?

ப: நீங்கள் படித்தது சரிதான். ஆனால் அமைப்புகளில் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்பதைத் தேர்ந்திருப்பீர்கள். அப்போது உலாவி பழைய டேப்களோடு அந்தத் தற்காலிகக் குக்கிகளையும் மீட்டுக் கொண்டுவரும். அல்லது நீங்கள் நினைக்கும் குக்கிக்கு உண்மையில் காலாவதித் தேதி இருக்கலாம். உலாவியிலேயே உள்ள டெவலப்பர் டூல்ஸில் பாருங்கள். காலாவதி இருந்தாலும் உலாவி தன் உச்சவரம்பைப் போடும். 2022 முதல் குரோம் 400 நாளுக்கு மேல் எதையும் வைப்பதில்லை. பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதிய குக்கியை சஃபாரி 7 நாளுக்கு மேல் வைப்பதில்லை.

கே: எத்தனை குக்கி வைக்கலாம்?

ப: குக்கிக்கென 2011இல் வந்த தர ஆவணம் உலாவிகளைக் கேட்டுக்கொள்வது, குறைந்தது இவ்வளவுக்காவது இடம் கொடுங்கள் என்று: ஒரு குக்கிக்கு 4096 பைட், ஒரு டொமைனுக்கு 50 குக்கி, மொத்தம் 3000. எல்லை தாண்டினால் சிலவற்றை உலாவியே தூக்கிவிடும். இடம் இருக்கிறதே என்று நிரப்பாதீர்கள். அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும், ஒரு சின்னப் படத்தைக் கேட்கும்போதுகூட, அத்தனை சுமையும் கூடவே போகும்.

கே: நான் எழுதும் தளத்தில் ‘வெளியேறு’ அழுத்தினாலும் குக்கி போகமாட்டேன் என்கிறது. சர்வர் அழிக்கச் சொல்கிறது, உலாவி கேட்கவில்லை.

ப: இந்தப் பிழையோடு நானும் ஒரு முழு இரவு மல்லுக்கட்டியிருக்கிறேன். செட்-குக்கி வரியில் ‘அழி’ என்று ஒரு கட்டளை கிடையாது. அதே குக்கியைக் கடந்துபோன தேதியோடு மறுபடி அனுப்பினால் உலாவி எடுத்துவிடும். ‘அதே குக்கி’ என்றால் பெயர், டொமைன், பாத் மூன்றும் பொருந்த வேண்டும். நான் வேலை செய்த தளத்தில் உள்ளே வரும்போது பாத் வெறும் சாய்கோடு (/), அதாவது தளம் முழுவதும்; வெளியேறும் பக்கத்தில் பாத்தைக் குறிப்பிடவே இல்லை, அதனால் உலாவி அந்தப் பக்கம் இருந்த உள் ஃபோல்டரின் பாத்தை எடுத்துக்கொண்டது. உலாவியின் கணக்கில் அவை இரண்டு வேறு குக்கிகள். இல்லாத ஒன்றை அழித்துக்கொண்டிருந்தோம், இருந்தது இருந்தபடி இருந்தது. உங்களுடைய இரண்டு செட்-குக்கி வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கே: குக்கியை கிளியர் செய்தால் சேமித்த பாஸ்வேர்ட் போய்விடுமா?

ப: போகாது. அது வேறு கோப்பு. தளங்களிலிருந்து லாகவுட் ஆவீர்கள், அவ்வளவுதான்.

கே: பயர்பாக்ஸ் கோப்பைத் திறந்தால் மதிப்புகள் அப்படியே தெரிகின்றன. குரோமில் பூட்டியிருக்கிறது. பயர்பாக்ஸை ஏன் யாரும் கேட்பதில்லை?

ப: பூட்டு இருக்கிறதா என்பதோடு சாவி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். விண்டோஸில் குரோமின் பூட்டு வெகுகாலம் உங்கள் விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது. கோப்பை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துப் போனால் திறக்காது. ஆனால் உங்கள் கணக்கிலேயே ஓடும் திருட்டு மென்பொருள் விண்டோஸிடம் கேட்டால், கேட்பது நீங்கள் என்று நினைத்துத் திறந்து கொடுத்துவிடும்.

கே: (அதே நண்பர்) அப்படியானால் பூட்டே தேவையில்லை என்கிறீர்களா?

ப: நான் அப்படிச் சொல்லவில்லை. எந்தத் திருடனை அது தடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். 2024 ஜூலையில் குரோம் 127 இதை இறுக்கியது. விண்டோஸின் சிஸ்டம் அதிகாரத்தோடு பின்னணியில் ஓடும் ஒரு சேவை, திறக்கக் கேட்பது குரோம்தானா என்று பார்த்த பிறகே திறக்கிறது. இப்போது திருட்டு மென்பொருளுக்கு அட்மின் உரிமை வேண்டும், அல்லது குரோமுக்குள்ளேயே நுழைய வேண்டும். வேலை கடினமாகியிருக்கிறது, முடியாததாகிவிடவில்லை.

கே: (இன்னொருவர்) என் டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது). பயர்பாக்ஸில் முதன்மைக் கடவுச்சொல்லும் வைத்திருக்கிறேன். போதும்தானே?

ப: டிஸ்க் பூட்டு கணினி அணைந்திருக்கும்போது காக்கும். நீங்கள் உள்ளே நுழைந்து வேலை செய்யும்போது எல்லா மென்பொருளுக்கும் டிஸ்க் திறந்தே இருக்கிறது. முதன்மைக் கடவுச்சொல் சேமித்த பாஸ்வேர்ட்களைக் காக்கும், குக்கியை அல்ல. பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

கே: (மூன்றாவது நண்பர்) நீங்கள் பேக்கப்பை மறந்துவிட்டீர்கள். புரொஃபைலை வெளி டிஸ்க்கிலோ கிளவுடிலோ நகலெடுத்தால், குரோம் கோப்பு அங்கே பூட்டியே இருக்கும். பயர்பாக்ஸ் கோப்பு திறந்து கிடக்கும். டிஸ்க் என்கிரிப்ஷன் அங்கே துணைக்கு வராது.

ப: நீங்கள் சொல்வது சரி, நான் சொல்லியிருக்க வேண்டும். பயர்பாக்ஸ் பயன்படுத்துவோர் பேக்கப்பையும் என்கிரிப்ட் செய்தே வையுங்கள்.

இந்த விவாதம் இத்தனை நீள்வதற்குக் காரணம் இருக்கிறது. பாஸ்வேர்ட் போட்டு, ஓடிபி போட்டு, எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு சர்வர் கொடுக்கும் அத்தாட்சிதான் லாகின் குக்கி. அது கையில் உள்ளவரிடம் பெரும்பாலான தளங்கள் பாஸ்வேர்டும் கேட்பதில்லை, ஓடிபியும் கேட்பதில்லை. அதனால்தான் மறுபடி சொல்கிறேன்: புரொஃபைல் ஃபோல்டரை யாருக்கும் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவையில் ‘ஹார் கோப்பு’ (உலாவிக்கும் தளத்துக்கும் இடையே போய் வந்ததன் பதிவு) கேட்டால், குக்கி நீக்கப்பட்டதா என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள். தெரியாத எக்ஸ்டென்ஷனை, அதாவது உலாவியில் போடும் துணை மென்பொருளை, சேர்க்காதீர்கள்.

கே: இன்காக்னிட்டோவில் குக்கி இருக்குமா?

ப: இருக்கும், நினைவகத்தில் மட்டும். எல்லா இன்காக்னிட்டோ ஜன்னல்களையும் மூடினால் போய்விடும். ஒன்று திறந்திருந்தாலும் இருக்கும்.

கே: லோக்கல்ஹோஸ்டில் (என் சொந்தக் கணினியில்) 3000, 8080 என்று இரண்டு புராஜெக்ட் ஓட்டுகிறேன். ஒன்றில் லாகின் செய்தால் மற்றது லாகவுட் ஆகிறது. ஏன்?

ப: குக்கி போர்ட்டை, அதாவது 3000, 8080 என்ற அந்த எண்ணை, பார்ப்பதில்லை. உலாவிக்கு இரண்டும் ஒரே ஹோஸ்ட். இரண்டும் ஒரே பெயரில் குக்கி வைத்தால் பிந்தையது முந்தையதை மேலெழுதும். பெயரை மாற்றுங்கள்.

கே: குக்கியை அழித்தால் பாஸ்வேர்டும் சேர்ந்து போகுமா?

ப: மேலே சொல்லிவிட்டேன். போகாது.

கே: மூன்றாம் தரப்பு குக்கி 2024லேயே ஒழிந்துவிட்டது, சரியா?

ப: நீங்கள் பார்க்கும் தளம் அல்லாமல், அதில் இடம்பெறும் விளம்பர நிறுவனம் போன்ற வேறொருவர் வைக்கும் குக்கி அது. சஃபாரியில் 2020 மார்ச்சிலேயே முழுவதும் தடுத்துவிட்டார்கள். பயர்பாக்ஸ் 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஜாடி கொடுக்கிறது. ஒரே விளம்பர நிறுவனம் இரண்டு தளங்களில் இருந்தாலும், ஒன்றில் வைத்த குக்கி மற்றதில் அதற்குத் தெரியாது. குரோம்தான் குழப்பம். 2020இல் நீக்கப்போவதாக அறிவித்தார்கள், தள்ளிப்போட்டார்கள், 2024 ஜனவரியில் 1 சதவீதம் பேருக்கு நிறுத்திப் பார்த்தார்கள், ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டார்கள். குரோமில் வேண்டாம் என்றால் நீங்களே அமைப்புகளில் தடுக்க வேண்டும்.

கே: குக்கி மூலம் வைரஸ்...

ப: இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். இனி வைரஸ், பாஸ்வேர்ட் இரண்டுக்கும் பதில் எழுதமாட்டேன்.

கே: நண்பரின் குக்கியை எடுத்து அவர் கணக்கைத் திறப்பது எப்படி?

ப: சொல்லமாட்டேன். அது திருட்டு.

கே: போனில் வாட்ஸ்அப் பேக்கப் எங்கே இருக்கும்?

ப: என் துறை இல்லை. அதன் உதவிப் பக்கத்தில் தேடுங்கள்.

கே: அக்கா, போன வாரம் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன். இன்று என் மெயிலில் நான் செய்யாத வேலைகள் தெரிகின்றன. குக்கிகளை எல்லாம் அழித்துவிட்டேன். போதுமா?

ப: போதாது. நீங்கள் அழித்தது உங்களிடம் இருந்த நகலை மட்டும். எக்ஸ்டென்ஷன் மூலம் யாராவது திருடியிருந்தால், அவரிடம் போன நகல் சர்வர் ஏற்கும்வரை வேலை செய்யும். முதலில் நம்பகமான வேறொரு கணினியிலிருந்து அல்லது போனிலிருந்து உள்ளே போய், ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். சர்வர் பழைய அத்தாட்சிகளை ரத்துசெய்வது அப்போதுதான். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்பு மெயில், மீட்பு எண், தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி எதையாவது அவர் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு பழைய கணினியில் அந்த எக்ஸ்டென்ஷனை நீக்கி, சுத்தமாகும்வரை அதில் எங்கும் லாகின் செய்யாதீர்கள். முடித்ததும் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.