முதலில் அந்தக் கிண்ணத்தை எடுத்து வாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. எந்நேரமும் கைபேசியும் கையுமாக இருக்கிறாளே என்று, ஏழெட்டு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் கலை, கைவினைப் பயிற்சிப் பட்டறைகளுக்கு அழைத்துச் செல்கிறேன். களிமண், வெயிலில் நீலப் படம் எடுக்கும் சயனோடைப், மெழுகும் சாயமும் வைத்துத் துணியில் செய்யும் பாத்திக், நீரில் மிதக்கும் வண்ணத்தைக் காகிதத்தில் ஒற்றி எடுக்கும் மார்பிளிங் என்று ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று. தொடக்கத்தில் ஆசையாகத்தான் வந்தாள். களிமண் பட்டறையில் அவள் செய்த கிண்ணத்தைச் சுட்டு வைத்துவிட்டதாக அவர்கள் இரண்டு முறை அழைத்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் வேறு வகுப்புகள் இருந்ததால் போக முடியவில்லை. இப்போது எங்கே அழைத்தாலும் வர மறுக்கிறாள். வந்தாலும் கடனே என்று செய்கிறாள். 'எல்லாம் வீண் செலவு' என்கிறார் என் கணவர். வரும் ஞாயிறு லினோ அச்சு (மென்மையான தகட்டில் செதுக்கி மை தடவி அச்செடுப்பது) வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அவளுக்கு ஆர்வம் வர என்ன செய்வது? எந்தக் கலை அவளுக்குப் பொருந்தும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இம்மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. குழந்தைக்கு ஆர்வம் இல்லை என்று தொடங்கி, எதில் சேர்த்தால் ஆர்வம் வரும் என்று முடிகின்றன. நடுவில் எங்கோ ஓரிடத்தில், எழுதியவர் தாமே கவனிக்காமல், காரணத்தையும் எழுதிவிட்டிருப்பார். நீங்கள் எழுதியிருக்கும் காரணம் இது: 'இரண்டு முறை அழைத்தார்கள், போக முடியவில்லை.' இந்த வயதில் குழந்தைகள் அப்படித்தான் இருப்பார்கள், கவலை வேண்டாம் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னிக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

அன்று உங்கள் மகள் என்ன செய்திருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். சக்கரம் இல்லாமல் முதல்முறை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கற்றுத் தருவது, மண் உருண்டையின் நடுவில் கட்டை விரலை அழுத்தி, உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, விரல்களுக்கிடையே சுவரை மெலிதாக்கிக்கொண்டே போகும் முறை. ஒரு பக்கம் தடித்து நிற்கும், மறுபக்கம் மெலிந்து தொய்யும். விளிம்பு வெடிக்கும், ஈரவிரலால் தடவி மூட வேண்டும். அந்தச் சுவரில் பதிந்த விரல் தடம் சூளையிலும் அழிவதில்லை. பட்டறை முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் அவள் கையை விட்டு இறங்கியபோது அது இன்னும் வெறும் சேறுதான்.

அதன்பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. மண்ணை அவசரமாகக் காயவைத்தால் விளிம்பு முதலில் சுருங்கி விரிசல் விடும் என்பதால், மூடிவைத்து, நாள் கணக்கில் மெல்ல உலர்த்தியிருப்பார்கள். ஈரம் மிச்சமிருக்கும் தடித்த சுவர் சூளையில் நீராவியின் அழுத்தத்தால் சிதறிவிடும்; பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் பொருள்களையும் சேர்த்து உடைக்கும். அதனால் தொடக்கத்தில் வெப்பத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். சுமார் 350 டிகிரி செல்சியஸிலிருந்து 600 வரை, மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறுகிறது. அந்தக் கட்டத்தைக் கடந்த மண்ணைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் மீண்டும் சேறாகாது. 1000 டிகிரியை ஒட்டி முதல் சூடு முடியும். பிறகு சூளை தானாக ஆறும்வரை திறக்காமல் காத்திருக்க வேண்டும். பல இடங்களில், மெருகுப் பூச்சின் நிறத்தைச் செய்தவரே வந்து தேர்ந்தெடுத்துப் பூசிய பிறகுதான் இரண்டாம் சூடு வைப்பார்கள். ஒருவேளை உங்களை அழைத்தது அதற்காகவும் இருந்திருக்கலாம்.

இவ்வளவையும் யாரோ ஒருவர், உங்கள் மகளை அதற்குமுன் பார்த்தே இராதவர், அவளுடைய கோணல் கிண்ணத்துக்காகப் பொறுமையாகச் செய்து முடித்து, மறக்காமல் இரண்டு முறை அழைத்தும் சொல்லியிருக்கிறார். பெற்ற தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வகுப்பு இருந்தது.

இதை 11 வயதுக் குழந்தை எப்படிப் புரிந்துகொள்வாள் என்று ஒரு கணம் யோசித்தீர்களா? அந்த அழைப்புகள் வந்தபோது அவள் பக்கத்தில் இருந்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருப்பாள் என்றே நினைக்கிறேன், குழந்தைகளின் காதுக்கு இதெல்லாம் தப்புவதில்லை. சயனோடைப் எடுத்த காகிதம் எங்கே? மெழுகு வைத்துச் சாயம் தோய்த்த துணி எங்கே? கடிதத்தில் நீங்கள் வகுப்புகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றில் அவள் செய்த பொருள்களில் ஒன்றைப் பற்றிக்கூட, அழகாக இருந்தது என்றோ மோசமாக இருந்தது என்றோ ஒரு சொல் இல்லை. செய்ததைத் திரும்பிப் பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒருவர் கடனே என்று வேலை செய்வதை ஆர்வமின்மை என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மகளுக்குப் புத்தி இருக்கிறது. அதனால்தான் வர மறுக்கிறாள்.

பட்டறைகளைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. பல பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் திருத்திக்கொள்வது நல்ல பழக்கம். பலவற்றைத் தொட்டுப் பார்ப்பதும் தவறில்லை. 1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில், வந்த மாணவர்கள் எல்லாரும் முதல் ஆறு மாதம் மரம், உலோகம், துணி, காகிதம் என்று பல பொருள்களையும் கையால் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்குப் பின் ஒரே ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுத்து, அதில் மூன்று ஆண்டு பயில வேண்டும் என்பதுதான் திட்டம். நீங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழெட்டு மாதமாக அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. மண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதும், மெழுகை உருக்குவதும், சயனோடைப்புக்கான ரசாயன மருந்தைக் கலந்து காகிதத்தில் பூசி இருட்டில் உலர்த்தி வைப்பதும் நீங்கள் போவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. காய்வதும் சுடுவதும் நீங்கள் கிளம்பிய பின் நடக்கின்றன. இடையில் இருக்கும் இனிப்பான பகுதி மட்டும் உங்களுக்குக் கிடைக்கிறது. கட்டணம் வாங்குபவர்கள் அப்படித்தான் நடத்த முடியும். முன்னும் பின்னும் இருப்பதை வீட்டார்தான் குழந்தைக்குச் சேர்த்துத் தர வேண்டும். அது பெற்றோரின் கடமை, பயிற்றுநரின் கடமை அன்று.

நீங்கள் சொன்ன சயனோடைப் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கடற்பாசிகளை அந்த மருந்து பூசிய காகிதத்தின் மேல் பரப்பி வெயிலில் வைத்து, தண்ணீரில் அலசி, நீலப் படங்களாக எடுக்கத் தொடங்கினார். அதே வேலையைச் சுமார் பத்து ஆண்டு தொடர்ந்து செய்து தொகுதி தொகுதியாக வெளியிட்டார். சிறு வயதிலேயே தாயை இழந்த அவரை வளர்த்தவர் விஞ்ஞானியான தந்தை. அந்தத் தந்தை சிப்பிகளைப் பற்றிய ஒரு நூலை மொழிபெயர்த்து 1823-இல் வெளியிட்டபோது, அதற்கான சித்திரங்களை மகளின் கையால் வரையச் செய்து சேர்த்துக்கொண்டார். மகளின் வேலையைத் தன் வேலைக்குள் வைத்துக்கொண்ட தகப்பன் அவர். ஒரு பெண் பத்து ஆண்டு ஒன்றிலேயே நிலைத்திருக்க இது போதுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இது இல்லாமல் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

உங்கள் கணவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீண் செலவு என்று சொல்லத் தெரிந்தவருக்கு, இத்தனை மாதத்தில் ஒரு நாள் மாலை வண்டியை எடுத்துக்கொண்டு போய் மகளின் கிண்ணத்தை வாங்கி வரத் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் அவர் உங்களைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. இன்றே அந்தப் பட்டறைக்காரரை அழைத்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, கிண்ணம் இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சில சூளைக்காரர்கள் சில மாதங்கள்கூட வைத்திருப்பார்கள், இடம் போதாவிட்டால் அப்புறப்படுத்திவிடுவார்கள். இருந்தால், மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் மட்டும் போய் வாங்கி வந்து அவள் கையில் கொடுக்கும் வேலை வேண்டாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: காய்ந்து சுட்டதில் மண் சுருங்கியிருக்கும், பல மண்வகைகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட, அவள் நினைவில் இருப்பதைவிடக் கிண்ணம் சிறியதாகத் தெரியும், நிறமும் மாறியிருக்கும். ஏன் என்று அவள் கேட்டால் சூளைக்காரரையே கேட்கச் சொல்லுங்கள், அவர் மகிழ்ச்சியாகச் சொல்வார். பூச்சு பூசாமல் ஒருமுறை மட்டும் சுட்ட பாத்திரம் நீரை உறிஞ்சும். சாவி, நாணயம், ஊசிநூல் என்று உலர்ந்த பொருள் எதையாவது போட்டு, வீட்டில் எல்லாரும் தினமும் கைவைக்கும் இடத்தில் வையுங்கள். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம்.

கிண்ணம் இல்லாமல் போயிருந்தால், 'சூளையில் உடைந்துவிட்டதாம்' என்று கதை கட்டாதீர்கள். அம்மா போய் எடுத்து வரவில்லை, அதனால் போய்விட்டது என்று நேராகச் சொல்லுங்கள். அவள் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். அந்தக் கோபத்துக்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

எந்தக் கலை பொருந்தும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். அவளாக ஒன்றைக் கேட்கும் வரை புதிய வகுப்பு எதற்கும் பெயர் கொடுக்காதீர்கள். மறுபடி களிமண்தான் வேண்டும் என்றால் களிமண்ணுக்கே, அதே இடத்துக்கே, அதே ஆசிரியரிடமே அனுப்புங்கள். கைப்பிடி வைத்த குவளை செய்யப் போய், ஒட்டும் இரு பரப்பையும் கீறி மண்குழம்பு தடவாமல் அப்படியே ஒட்டிவிடுவாள். காயும்போதே கைப்பிடி கழன்று விழும். அடுத்த முறை கீறி ஒட்டுவாள். அந்த அடுத்த முறைக்கு இடம் கொடுங்கள்.

லினோ வகுப்புக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். முடிந்தால் அந்த இடத்தை வேறு யாருக்காவது மாற்றித் தரச் சொல்லுங்கள். சூளைக்காரர் ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பாரா என்று மட்டும் இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.