வோல்ட்மீட்டர் முள் இறங்கினால் டைனமோவைக் கழற்றாதீர்கள்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் மீன் பெட்டி ஏற்றும் பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன், 12 வோல்ட் வண்டி. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 14.1 வருகிறது. டேஷ்போர்டு மீட்டரோ 12.5 காட்டுகிறது, ஹெட்லைட் போட்டால் 11.8க்கு இறங்குகிறது. டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். ஓடும் வண்டியில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் சரியாகவே ஏறுகிறது. மீட்டர் பேட்டரியை நேராகப் பார்ப்பதில்லை, தன் இரண்டு முனைகளுக்கு நடுவில் வந்து சேர்வதைத்தான் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. ஆனால் அதே ஒயரிலும் அதே எர்த்திலும் (பாடி வழியே பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் இணைப்பு) லைட் போன்ற மற்ற லோடுகளும் ஓடுகின்றன. களிம்பு பிடித்த ஒரு இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்து, அதன் வழியே 10 ஆம்பியர் போனால் 1 வோல்ட் அங்கேயே காலி. லைட் போட்டதும் முள் இறங்குவது இதனால்தான். நம் கடற்கரை உப்புக்காற்றில் செம்பு பச்சை பூப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே இழக்கிறது என்று அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும், மல்டிமீட்டர் 20 வோல்ட் டிசியில் இருக்கட்டும். கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் சிவப்பை மீட்டரின் எர்த் முனையிலும் வையுங்கள்: 0.1க்கு மேல் வந்தால் எர்த் கோளாறு. அடுத்து சிவப்பை பேட்டரி பாசிட்டிவ்விலும் கறுப்பை மீட்டரின் பாசிட்டிவ்விலும் வையுங்கள்: 0.3க்கு மேல் என்றால் சாவி சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வாருங்கள். லைட் போடும்போது டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஆடினால் முதல் சந்தேகம் எர்த் மீதுதான்.

எர்த்தைச் சரிசெய்யும் முன் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள். போல்ட்டைத் திறந்து, பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். ஒயர் உள்ளே கறுத்திருந்தால், பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிவிட்டு புது லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அழுத்துங்கள். ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். விசைப்படகு ஒயரிங் செய்பவர்களிடம் ஈயம் பூசிய செம்பு ஒயர் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. ஆசிட் ஃப்ளக்ஸ் வைத்துப் பற்றவைக்காதீர்கள். அது ஒயரைத் தின்றுவிடும்.

பாசிட்டிவ் பக்கம் சுவிட்ச் தேய்ந்திருந்தால் ஒரு 12 வோல்ட் ரிலே (சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போதும். அதன் முனைகளில் எண்கள் இருக்கும். பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து, அதை ஒட்டியே 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை 30ஆம் முனைக்குக் கொண்டுவாருங்கள். 87 மீட்டரின் பாசிட்டிவ்வுக்கு, 85 எர்த்துக்கு. மீட்டருக்கு முன்பு வந்த பழைய ஒயரைக் கழற்றி 86இல் மாட்டுங்கள். சாவி போட்டால் மட்டும் மீட்டர் வேலை செய்யும். புது ஒயரில் வேறு லோடு இல்லாததால் இழப்பும் இராது.

முள் தாழ்ந்திருக்கிறதே என்று கட்-அவுட்டை (டைனமோ தரும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மட்டும் ஏற்றி வைக்காதீர்கள். பேட்டரியில் 15 தாண்டினால் தண்ணீர் கொதித்து வற்றி, தகடு போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் 0.2, 0.3 வித்தியாசம் நின்றால் அது மீட்டரின் தரம். பேட்டரி 14 காட்டும்போது முள் நிற்கும் இடத்தில் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.