கிரில் சிக்கன்: எத்தனை மணிக்கு இறக்கினது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். சூப்பர் மார்க்கெட்டில் முழு கிரில் சிக்கன் 420 ரூபாய். கறிக்கடையில் தோலோடு கிலோ 220தான். வாங்கினால் நஷ்டமா? ஏற்காட்டுக்குக் கட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: கிரில்லுக்குப் பெரும்பாலும் தோலோடு ஒரு கிலோ வரும் சின்னக் கோழியைத்தான் எடுப்பார்கள். வெந்ததும் நீரும் கொழுப்பும் வடிந்து 720–750 கிராம் நிற்கும். எலும்பு போகத் தின்னும் கறி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 100 கிராம் கறி சுமார் 85 ரூபாய். வீட்டில் கோழிக்கு 220, தயிர், மசாலா, எண்ணெய், கேஸுக்கு 60 என்று வைத்தால் 100 கிராம் 57 ரூபாய். முழுக் கோழிக்கு வித்தியாசம் 140. ஊறவைத்து, சுட்டு, பாத்திரமும் கழுவும் வேலைக்கு அது அநியாயக் கூலி இல்லை. ஆனால் கறிக்கடைப் பலகையில் இருப்பது உயிர் எடை விலையா என்று பாருங்கள். கழிவு போனால் கிலோவுக்கு 700 கிராம்தான் கைக்கு வரும். உயிர் எடை 160 என்றால் கறி எடையில் கிட்டத்தட்ட 230.

தரம் கெடுவது பெரும்பாலும் சுட்ட கோழியைச் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டியில்தான். பெட்டி 60 டிகிரிக்கு மேல் இருந்தால் கிருமி பெருகாது, ஆனால் நேரம் ஆக ஆக நெஞ்சுக்கறி நார் நாராகப் பிளக்கும். பல்பு எரிந்தும் பெட்டி வெறும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் ஆபத்து. சில கிருமிகளின் விஷம் மறுபடி சுட வைத்தாலும் போகாது. தட்டைப் பாருங்கள்: வடிந்த கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தால் பெட்டியில் சூடே இல்லை, வாங்காதீர்கள். தோல் சுருங்கி, கால் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெகுநேரம் காய்ந்த கோழி. கூச்சப்படாமல் அடுப்பிலிருந்து இறக்கின நேரத்தைக் கேளுங்கள். அடுத்த ஈடு இறங்கும்வரை காத்திருப்பதே மேல்.

தொடை எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருந்தால் பலரும் வேகவில்லை என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். இளம் பிராய்லரில் மஜ்ஜை கசிந்தும் அப்படித் தெரியும். தொடை மூட்டில் குத்திப் பாருங்கள். கறி வழவழவென்று எலும்பை விடாமல் ஒட்டினால்தான் வேகவில்லை. கை கழுவியும் போகாத சிவப்பு மசாலா என்றால் செயற்கை நிறமாக இருக்கலாம். கறிக்கு அதற்கு அனுமதியே இல்லை.

ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரம். சுடச்சுட வாங்கி, போய்ச் சேர்ந்ததும் சாப்பிடுவதானால் கவலையில்லை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள். ராத்திரிக்கு என்றால் முதல் நாளே வாங்கி, எட்டுத் துண்டாக்கி அகலத் தட்டில் ஆறவிட்டு, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், வாணலியில் தண்ணீர் தெளித்து மூடி, உள்வரை கொதிக்கச் சூடாக்குங்கள். முழுக் கோழியை ஃபாயிலில் இறுகச் சுற்றினால் உள்ளே மெதுவாகத்தான் ஆறும், தோலும் சவசவத்துப் போகும்.

கூடவே தரும் மயோனைஸைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பச்சை முட்டையில் செய்ததைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததே அதில் கிருமி சேர்ந்து உணவு விஷமாகும் ஆபத்து இருப்பதால்தான். தொட்டுக்கொள்ள எலுமிச்சையும் வெங்காயமும் போதும்.