விலை உயர்ந்த லேப்டாப்: தொழில் செய்கிறவருக்கு இன்னும் உதவுகிறதா? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் லேப்டாப்பை நம்பித் தொழில் நடத்தும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. "விலை ஏற ஏற மெலிசாகிறதே தவிர, வேலைக்கு ஆகிற பெட்டியாக இல்லை" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "அதெல்லாம் பழைய கதை" என்கிறார்கள் மற்றவர்கள். பொதுவாகத் தீர்ப்புச் சொல்லாமல், அவரவர் வேலையை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

சேட்ஸ்வொர்த், கல்யாண வீடியோ எடுப்பவர்: அண்ணா, மேக்புக் ப்ரோ எல்லாம் இப்போ பந்தாவுக்குத்தான், தொழிலுக்கு இல்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். கல்யாணம், காவடி எல்லாம் 4கே-யில் எடுக்கிறேன். வாங்கலாமா?

அவர்கள் சொல்வது 2016 முதல் 2019 வரை வந்த மாடல்களுக்குப் பொருந்தும். 2016-இல் ஆப்பிள் எஸ்.டி. கார்டு துளை, எச்.டி.எம்.ஐ., காந்த சார்ஜர் மூன்றையும் எடுத்துவிட்டு யூ.எஸ்.பி.-சி வடிவத் துளைகளையும் ஹெட்ஃபோன் துளையையும் மட்டும் விட்டது. அந்த மாடல்களில் இருந்த பட்டர்ஃபிளை என்ற மெலிசான கீபோர்டில் தூசி புகுந்தால் எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். 2018-இல் ஆப்பிளே இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில்தான் பழையபடி நம்பகமான கீபோர்டு திரும்பியது. எடுக்கப்பட்ட துளைகளும் காந்த சார்ஜரும் 2021 அக்டோபரில் வந்த 14, 16 அங்குல மாடல்களில் திரும்பி வந்தன. அதனால் புதிதாக வாங்குகிறவருக்கு அந்தக் குறை இல்லை. பழையது வாங்குகிறவர்தான் ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு அந்தக் கார்டு துளை பெரிய விஷயம். யூ.எச்.எஸ்.-2 என்ற வேக வகைக் கார்டு அதில் விநாடிக்கு 250 எம்.பி. வரை போகும். 128 ஜி.பி. கார்டு ஒன்பது நிமிடத்துக்குள் இறங்கிவிடும். சாதாரண யூ.எச்.எஸ்.-1 கார்டு 90 எம்.பி. வேகத்தில் கிட்டத்தட்ட 24 நிமிடம் எடுக்கும். ஒரே கல்யாணத்தில் நாலைந்து கார்டு நிரம்பும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பணத்தை ரேமில் போடுங்கள், உள் எஸ்.எஸ்.டி.யில் போடாதீர்கள். ரேமைப் பிறகு கூட்டவே முடியாது. மூன்று கேமரா 4கே ஒன்றாக வைத்து வெட்டுகிறவர் 32 ஜி.பி.க்குக் கீழே போக வேண்டாம். உள்ளே 1 டி.பி. போதும். காட்சிகளை 10 ஜி.பி.பி.எஸ். வேகமுள்ள வெளி எஸ்.எஸ்.டி.யில் வைத்து நேரடியாக அதிலிருந்தே வெட்டலாம். அது விநாடிக்கு 1,000 எம்.பி. அளவில் ஓடும், உங்கள் வேலைக்குத் தாராளம். உள் எஸ்.எஸ்.டி.யை 4 டி.பி.யாக உயர்த்த ஆப்பிள் கேட்கும் விலை எனக்கு நியாயமாகப் படவில்லை.

உம்லாங்கா, மென்பொருள் எழுதுபவர்: என்னுடையது மெலிசான விண்டோஸ் லேப்டாப், விலை அதிகம். பில்ட் (எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) போட்டால் முதல் நிமிடம் பறக்கிறது, பிறகு படுத்துவிடுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். இன்டெல் பிராசசருக்கு இரண்டு மின்வரம்பு உண்டு. சில விநாடிகளுக்கான உச்ச வரம்பு ஒன்று, தொடர்ந்து ஓடுவதற்கான வரம்பு இன்னொன்று. மெலிசான உடம்பில் உச்சம் 60 வாட்டுக்கு மேலே இருக்கும், தொடர் வரம்பு 20, 25 வாட்டுக்கு இறங்கிவிடும். விளம்பரத்தில் காட்டுவது உச்சத்தை. உங்கள் பில்ட் ஓடுவது தொடர் வரம்பில். 2018-இல் ஐ9 போட்ட மேக்புக் ப்ரோ சூட்டில் திணறி, ஆப்பிள் மென்பொருள் திருத்தம் அனுப்பியதும் இதே வகைச் சிக்கல்தான்.

சோதிப்பது சுலபம். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை 30 நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். பக்கத்தில் எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து வாட்டையும் வெப்பத்தையும் பாருங்கள். முதல் மதிப்பெண்ணிலிருந்து பத்து, பதினைந்து சதவீதம் குறைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. முப்பதுக்கு மேல் குறைந்தால் நான் சொல்கிற வரிசையில் பாருங்கள்.

முதலில் சார்ஜர். 100 வாட் கேட்கும் லேப்டாப்பை 65 வாட் சார்ஜரில் ஓட்டினால் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபிளும் முக்கியம், சாதாரண 3 ஆம்பியர் சி-கேபிள் 60 வாட்டுக்கு மேல் கடத்தாது. அடுத்து விண்டோஸ் பவர் மோடு, அதோடு நிறுவனத்தின் சொந்த ஆப்பில் இருக்கும் 'அமைதி' மோடு. இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிறகு ஃபேன். அடிமூடியைக் கழற்றி, ஹீட்சிங்க் வாயில் படிந்திருக்கும் பஞ்சை எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தெர்மல் பேஸ்ட் மாற்றுவது கடைசி.

டர்பன் கோடையில் அறை வெப்பம் 30 டிகிரி என்றால், 22 டிகிரி அறையில் எடுத்த விமர்சன மதிப்பெண் உங்களுக்கு வராது. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சில்லும் ஏறும். இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் உங்களுக்குத் தேவை 2 கிலோ எடையுள்ள தடிமனான லேப்டாப்.

லெனேசியா, கணக்குத் தணிக்கை: இப்போது 16 ஜி.பி. ரேம் வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாமா?

மாடலைப் பொறுத்தது. ரேம் வகை எல்.பி.டி.டி.ஆர்.5எக்ஸ் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் போர்டோடு சால்டர் செய்தது, கூட்ட முடியாது. இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசசரோடு ஒரே பொதிக்குள் இருக்கிறது. 16 அல்லது 32 ஜி.பி., அதற்கு மேல் கிடையவே கிடையாது. எஸ்.ஓ.-டிம் ஸ்லாட் (ரேம் அட்டையைச் செருகும் இடம்) என்று இருந்தால் கூட்டலாம். 2024-இல் வந்த திங்க்பேட் டி14 ஜென் 5-இல் இரண்டு ஸ்லாட் உண்டு. ஆனால் பெயரில் ஓர் எஸ் சேர்ந்த டி14எஸ்-இல் சால்டர்தான். கடைக்காரரைக் கேட்காமல் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பாருங்கள்.

சால்டர் செய்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரேமும் பிராசசரும் நெருங்கி இருந்தால் குறைந்த மின்சாரத்தில் அதிக வேகம் கிடைக்கும், பேட்டரி நீடிக்கும். கழற்றி மாற்றக்கூடிய எல்.பி.கேம்2 என்ற வடிவம் இரண்டையும் சேர்த்துத் தருகிறது, திங்க்பேட் பி1 ஜென் 7-இல் வந்தது. இது எல்லா விலையிலும் பரவ வேண்டும். ஐந்து வருடம் உழைக்க வேண்டிய பொருளை வாங்கிய நாளிலேயே பூட்டிவைப்பது சரியில்லை.

உங்கள் கணக்கு வேலைக்கு, பெரிய எக்செல் கோப்புகளோடு, 16 போதும்.

ஃபீனிக்ஸ், வீட்டிலிருந்து வேலை: கரண்ட் போனால் லேப்டாப், மானிட்டர், ஃபைபர் மூன்றும் ஓட வேண்டும். எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர்?

2023 போல் நாள்தோறும் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) இல்லாவிட்டாலும், கேபிள் திருட்டாலும் சப்ஸ்டேஷன் பழுதாலும் மணிக்கணக்கில் போகிற இடங்கள் இன்னும் உண்டு. கணக்கு இப்படி: வேலை செய்யும் லேப்டாப் சராசரி 70 வாட், 27 அங்குல மானிட்டர் 30, ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் சேர்ந்து 20. மொத்தம் 120. நாலரை மணி நேரத்துக்கு 540 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாகும் 15 சதவீதத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய 635. 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 இருக்கிறது, தாராளம். அதே அளவு லெட்-ஆசிட் அல்லது ஜெல் என்றால் பாதிதான் பயன்படுத்த வேண்டும், அதாவது 600. அதைத் தாண்டித் தினமும் வடித்தால் சீக்கிரம் செத்துவிடும்.

ஆனால் நல்ல லேப்டாப்புக்குள் 70 முதல் 100 வாட்-மணி பேட்டரி ஏற்கெனவே இருக்கிறது. இலகுவான வேலை என்றால் இரண்டரை மணி நேரம் அதுவே தாங்கும். மானிட்டருக்கும் ரௌட்டருக்கும் மட்டும் 125 வாட்-மணி போதும், அதற்கு மேல் கொள்ளளவுள்ள யூ.பி.எஸ். சமாளிக்கும். அதிக விலைக்கு நியாயம் இருப்பது இங்கேதான். ஆப்பிளின் சொந்தச் சில்லு (ஆப்பிள் சிலிக்கான்) போட்ட மேக்புக் பேட்டரியிலும் அதே வேகத்தில் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட விண்டோஸ் லேப்டாப் பிளக்கைப் பிடுங்கியதும் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடும். வாங்குமுன் பேட்டரியில் ஓடும் சோதனை எண்களையும் தேடிப் பாருங்கள்.

மூன்று விஷயம் மறக்காதீர்கள். பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டரே வாங்குங்கள். மற்றதில் சார்ஜர் இரையும், சூடேறும். பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை, கரண்ட் வெட்டு இருக்கும் வாரங்களில் 100-க்கு மாற்றுங்கள். கரண்ட் போனதும் சார்ஜர் பிளக்கை உருவிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். சார்ஜரும் மதர்போர்டும் பெரும்பாலும் சாவது கரண்ட் போகும்போது அல்ல, ஏற்ற இறக்கத்தோடு திரும்பி வரும்போது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கட்டட வரைவு: டாக் (மானிட்டர் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் இணைக்கும் பெட்டி) வாங்கினேன். மேக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வருகிறது.

டாக் ஒரே இணைப்பை எம்.எஸ்.டி. என்ற முறையில் பல திரைகளுக்குப் பிரித்துத் தருகிறது. விண்டோஸ் அதை ஏற்கும். மேக் ஓ.எஸ். இரண்டு தனித் திரையாக ஏற்காது. தண்டர்போல்ட் டாக் வேண்டும். உங்களுடையது எம்1 அல்லது எம்2 மேக்புக் ஏர் என்றால் அதுவும் உதவாது, அவற்றுக்கு வெளித்திரை ஒன்றுதான். எம்3 ஏர் மூடிவைத்தால் இரண்டு தரும், எம்4 ஏர் திறந்தபடியே இரண்டு.

டோங்காட்: வாங்கி நாலு மாதத்தில் கீல் விரிசல் விட்டது. கடையில் "தயாரிப்பாளருக்கு அனுப்புவோம், ஆறு வாரம் ஆகும்" என்கிறார்கள்.

அது நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை, அக்கா. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56: வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடை அல்ல. பழுது பார்த்த மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் மாற்றம் அல்லது பணம்தான். கீழே விழுந்த அடையாளம் இருந்தால் இது செல்லாது, அதனால் இப்போதே நான்கு பக்கமும் படம் எடுத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால், சொத்தோ ஆண்டு வரவுசெலவோ 20 லட்சம் ராண்டை எட்டிய கம்பெனிக்கு இந்தச் சட்டம் கிடையாது.

மிட்ராண்ட்: சென்னையிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வாங்கிவரலாமா?

மேலே சொன்ன சட்டம் அப்போது கிடையாது. வாரண்டி இங்கே செல்லுமா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது, எழுத்தில் கேளுங்கள். பயணிக்குப் புதுப் பொருளில் 5,000 ராண்டு வரைதான் வரிவிலக்கு, அதற்கு மேல் விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும். இதையெல்லாம் கழித்தால் மிச்சம் பெரிதாக இருக்காது.

ரைலண்ட்ஸ், சொந்தத் தொழில்: வரியில் எப்படிக் காட்டுவது?

தொழிலுக்கு மட்டும் பயன்படுத்தினால் லேப்டாப்பின் விலையை மூன்று ஆண்டுகளில் கழிக்க சார்ஸ் (வருவாய்த் துறை) அனுமதிக்கிறது. 7,000 ராண்டுக்குக் குறைவான டாக், வெளி எஸ்.எஸ்.டி. போன்றவற்றை அதே ஆண்டில் முழுதாகக் கழிக்கலாம். மதிப்புக்கூட்டு வரி (VAT) பதிவு இருந்தால் 15 சதவீதத்தைத் திரும்பக் கேட்கலாம், வரி இன்வாய்ஸ் கட்டாயம்.

மெரிபேங்க், மாணவர்: அண்ணா, புதுசு வாங்க வசதி இல்லை. பழைய திங்க்பேட் டி480 கிடைக்கிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், தம்பி. 8-ஆம் தலைமுறை இன்டெல் என்று உறுதி செய்துகொள், அதற்கு விண்டோஸ் 11 உண்டு. டி470 என்றால் வேண்டாம். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ரேம் ஸ்லாட் இரண்டு, உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி இன்னொன்று. கடையிலேயே கட்டளைத் திரையில் 'powercfg /batteryreport' ஓட்டி, வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடு. பாதிக்குக் கீழே இருந்தால் விலையில் குறைக்கச் சொல். சி-துளையில் சார்ஜரைச் செருகி மெதுவாக அசைத்துப் பார். சார்ஜ் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பெட்டியை எடுக்காதே, அந்தத் துளை மதர்போர்டில் சால்டர் செய்தது.