அமெரிக்க அதிபர் பதவி: எத்தனை முறை இருக்கலாம், அடுத்து யார் வருவார்? கேள்வி பதில்

மூன்றாவது முறை அதிபராக வழிகள் இருக்கின்றன என்று டிரம்ப் 2025ல் பேசியதிலிருந்து இதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் சொல்கிறேன்.

சார், டிரம்ப் தொடர்ந்து இரண்டு முறை இருக்கவில்லையே, நடுவில் பைடன் வந்தார். அப்படியானால் இன்னொரு முறை நிற்கலாம்தானே?

முடியாது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் 22வது திருத்தத்தில் ‘தொடர்ந்து’ என்ற பேச்சே இல்லை. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது, அவ்வளவுதான். 2016ல் ஒன்று, 2024ல் ஒன்று, கணக்கு முடிந்தது. ரஷ்யாவில் புதின் 2008ல் பிரதமராக மாறி, 2012ல் மறுபடி அதிபரானதைப் பார்த்துப் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. அங்கே அப்போது இருந்த விதி தொடர்ச்சியான இரண்டு முறையைத்தான் தடுத்தது.

அப்புறம் எப்படி ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்தார்?

அப்போது சட்டம் இல்லை, மரபுதான் இருந்தது. வாஷிங்டன் இரண்டு முறை இருந்துவிட்டு, மூன்றாவது முறை வேண்டாம் என்று 1796ல் ஒதுங்கினார். ஜெஃபர்சனும் அப்படியே செய்ய, அது எழுதாத விதியாகிவிட்டது. அதை மீற ஆசைப்பட்டவர்கள் உண்டு. 1880ல் முன்னாள் அதிபர் கிராண்டுக்குச் சொந்தக் கட்சி மாநாட்டிலேயே வேட்பாளர் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1912ல் இன்னொரு முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டு நின்று தோற்றார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்தான் 1940ல் மூன்றாவது முறையும் 1944ல் நான்காவது முறையும் ஜெயித்தவர். ஐரோப்பாவில் போர் நடக்கும்போது ஆளை மாற்ற மக்கள் விரும்பவில்லை.

ஆனால் நான்காவது முறை பிரமாணம் எடுத்தபோதே அவர் உடல் நன்றாகத் தேய்ந்திருந்தது. 1945 ஜனவரி 20ல் பதவியேற்றவர் ஏப்ரல் 12ல் இறந்துபோனார். துணை அதிபராகி மூன்று மாதம்கூட ஆகாத ட்ரூமன், அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரத்தையே அதிபரான பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரே ஆளை நம்பி நாடு பன்னிரண்டு ஆண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1946 தேர்தலில் குடியரசுக் கட்சி காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை, பிடித்தது. 1947 மார்ச்சில் இந்த 22வது திருத்தம் அங்கே நிறைவேறியது, 1951 பிப்ரவரியில் போதிய மாநிலங்கள் ஒப்புக்கொண்டு அமலுக்கு வந்தது. அதில் கட்சிக் கோபமும் கலந்திருந்தது உண்மைதான். ஆனாலும் விதி சரியான விதி என்பதே என் கருத்து.

இப்போதைய துணை அதிபர் வான்ஸ் அதிபராகவும் டிரம்ப் துணை அதிபராகவும் நின்று ஜெயித்து, வான்ஸ் விலகிவிட்டால்?

இது நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 22வது திருத்தம் ‘தேர்ந்தெடுக்கப்படக் கூடாது’ என்கிறதே தவிர, ‘அதிபராக இருக்கவே கூடாது’ என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியைத்தான் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். எதிர்த்தரப்பு 1804ல் வந்த 12வது திருத்தத்தைக் காட்டுகிறது. அதிபராகத் தகுதி இல்லாதவர் துணை அதிபராகவும் தகுதி இல்லாதவர் என்பது அதன் கடைசி வரி. உடனே முதல் தரப்பு, தகுதி என்றால் வயது 35, பிறப்பால் குடிமகன், 14 ஆண்டு அமெரிக்காவில் வசித்திருத்தல், இவைதான்; இரண்டு முறை ஜெயித்தவர் தேர்தலில் நிற்கத்தான் முடியாது, தகுதி போய்விடவில்லை என்று வாதாடும்.

நீதிமன்றம் இதுவரை இதைத் தீர்த்துவைக்கவில்லை, அப்படி ஒரு வழக்கே வந்ததில்லை. ரூஸ்வெல்ட் மாதிரி இன்னொருவர் வேண்டாம் என்றுதான் அந்தத் திருத்தத்தையே கொண்டுவந்தார்கள். கொல்லைப்புற வழியை அவர்களே திறந்துவைத்தார்கள் என்று வாசிப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

அதிகபட்சம் எட்டு ஆண்டுகள்தானா?

பத்து. பாதியில் வந்தவர், முந்தையவரின் காலத்தில் இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், பிறகு இரண்டு முறை ஜெயிக்கலாம். இரண்டு ஆண்டுகளைத் தாண்டினால் ஒரே முறைதான். கென்னடியின் மீதிக் காலத்தில் பதினான்கு மாதம் அதிபராக இருந்த ஜான்சனுக்கு 1968ல் நிற்க உரிமை இருந்தது, அவர்தான் நிற்கவில்லை.

அதிபர் இறந்தால் இடைத்தேர்தல் வருமா?

வராது. மீதிக் காலம் முழுவதும் துணை அதிபர்தான் அதிபர். ஆனால் இது 1967ல் 25வது திருத்தம் வரும்வரை சாசனத்தில் தெளிவாக இல்லை. 1841ல் ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தபோது, துணை அதிபர் டைலர் பொறுப்பை மட்டும் பார்ப்பவரா, உண்மையிலேயே அதிபரா என்று பெரிய சண்டை. டைலர் தானே அதிபர் என்று பிரமாணம் எடுத்துக்கொண்டார். ‘பொறுப்பு அதிபர்’ என்று முகவரி எழுதி வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அவர் பிடித்த பிடிதான் அதற்குப் பின் வந்தவர்களுக்கு வழியானது.

துணை அதிபர் அதிபராகிவிட்டால் அந்த நாற்காலி காலியாகத்தானே இருக்கும்?

1967 வரை காலியாகவே கிடந்தது. 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டபோது நிலைமையைப் பாருங்கள்: ஜான்சனுக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தது. அவருக்கு அடுத்த இடத்தில் 71 வயது சபாநாயகர் மெக்கார்மாக், அதற்கடுத்து செனட்டின் தற்காலிகத் தலைவர், 86 வயது ஹேடன். ஓராண்டுக்கு மேல் நாடு அப்படியே ஓடியது. அந்தப் பயம்தான் 25வது திருத்தத்தைக் கொண்டுவந்தது. இப்போது அதிபர் ஒருவரை நியமிப்பார், பிரதிநிதிகள் சபை, செனட் என இரு சபைகளும் பெரும்பான்மையால் ஒப்புக்கொள்ள வேண்டும். 1973ல் துணை அதிபர் ஆக்னியூ ராஜினாமா செய்ய, ஃபோர்டு அப்படித்தான் துணை அதிபரானார். 1974ல் அதிபர் நிக்சனும் போக, அதிபரானார். அதிபர், துணை அதிபர் என எந்தத் தேர்தலிலும் ஜெயிக்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான்.

சபாநாயகர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் ஆட்சியே மாறிவிடுமே?

மாறிவிடும். 1947 சட்டப்படி வரிசை: துணை அதிபர், சபாநாயகர், செனட்டின் தற்காலிகத் தலைவர், வெளியுறவு அமைச்சர், நிதி அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர் என்று போகும். ஆக்னியூ போய் ஃபோர்டு வரும்வரை, வாட்டர்கேட் ஊழலில் சிக்கித் தவித்த நிக்சனுக்கு அடுத்து இருந்தவர் ஜனநாயகக் கட்சிச் சபாநாயகர் ஆல்பர்ட். ஓட்டே போடாமல் கட்சி மாறியிருக்கும். 1886 சட்டத்தில் இருந்த மாதிரி அமைச்சர்களிடம் போவதே நியாயம் என்பேன். பிறப்பால் குடிமகன் அல்லாதவர் வரிசையில் இருந்தால் அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போகும், ஜெர்மனியில் பிறந்த, வெளியுறவு அமைச்சராக இருந்த கிஸிஞ்சர் மாதிரி.

கமலா ஹாரிஸ் ஒருநாள் அதிபராக இருந்தார் என்கிறார்களே?

ஒருநாள் இல்லை, 85 நிமிடம். அதிபர் அல்ல, பொறுப்பு அதிபர். 2021 நவம்பர் 19ல் பைடனுக்கு மயக்க மருந்து கொடுத்துக் குடல் பரிசோதனை செய்தார்கள். அதற்குமுன் சபாநாயகருக்கும் செனட்டின் தற்காலிகத் தலைவருக்கும் கடிதம் கொடுத்து அதிகாரத்தை ஒப்படைத்தார், முடிந்ததும் இன்னொரு கடிதம் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த அதிகாரத்தை ஏற்ற முதல் பெண் அவர். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம்.

அமைச்சர்கள் சேர்ந்து அதிபரை இறக்க முடியுமா?

25வது திருத்தத்தின் நான்காம் பிரிவு அதற்குத்தான், ஆனால் இதுவரை ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. துணை அதிபரும் அமைச்சர்களில் பெரும்பான்மையினரும் ‘இவரால் பணி செய்ய முடியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் அந்த நொடியே பொறுப்பு துணை அதிபருக்குப் போகும். அதிபர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று பதில் எழுதினால், நான்கு நாளுக்குள் அவர்கள் மறுபடி எழுத வேண்டும். அப்புறம் காங்கிரஸ் 21 நாளுக்குள் முடிவு செய்யும், இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பதவிநீக்க விசாரணையைவிட இது கடினம், அங்கே பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். பிடிக்காத அதிபரை விரட்டும் கருவியாக இதை நினைக்கக் கூடாது. 1919ல் வில்சன் பக்கவாதத்தில் விழுந்து, மனைவி ஈடித் தான் யார் உள்ளே போகலாம், எந்தக் காகிதம் அவரிடம் போகலாம் என்று தீர்மானித்தாரே, அந்த மாதிரி நிலைக்காக வைத்தது.

கடைசியாக ஒன்று. 22வது திருத்தத்தையே நீக்கிவிட்டால்?

நீக்கலாம். மதுவிலக்கைக் கொண்டுவந்த 18வது திருத்தத்தை 1933ல் அப்படித்தான் நீக்கினார்கள், அது ஒன்றுதான் இதுவரை. டிரம்புக்கு மூன்றாம் வாய்ப்புத் தரும் தீர்மானம் ஒன்று 2025 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் வைக்கப்பட்டது. அது திருத்தமாக மாற வேண்டுமானால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 50ல் 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பதின்மூன்று மாநிலங்கள் அசையாமல் இருந்தாலே போதும், நடக்காது.